கொசுறிலிருந்து தொடங்குவோம்: 'ஜெனரஸ்' என்ற சொல்லைப் பழகிக்கொள்ள ஒரு வழிகாட்டி

சென்னையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் ஆங்கிலச் சொற்களில் 'ஜெனரஸ்' ஒன்று. மேனேஜர் நன்றி மெயிலில் எழுதுவார். வாடகை வீட்டு விளம்பரத்தில் பால்கனிக்கு முன்னால் வந்து நிற்கும். கேன்டீனில் உங்கள் பிரியாணித் தட்டைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வார். அகராதியைத் திறந்தால் 'தாராளமான' என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லை நம்பி எழுதப்பட்ட மெயில்களைத்தான் நான் மாலை வகுப்பில் வாரா வாரம் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வேளச்சேரியில் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் விழுப்புரம், திருவண்ணாமலை, தேனி, தூத்துக்குடி என்று வெளியூர்களிலிருந்து வந்து ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்ப்பவர்கள். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொருள் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான். எந்த இடத்தில் அதை வைப்பது என்பதில்தான் சிக்கல். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: பொருளைக் காய்கறிக் கடையில் பிடியுங்கள்

தெருமுனைத் தள்ளுவண்டியில் அரை கிலோ தக்காளி, கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறீர்கள். எடை சரியாக நிற்கிறது, பையில் கொட்டுகிறார், காசைக் கொடுக்கிறீர்கள். அதுவரை நடந்தது வியாபாரம். அதற்கப்புறம் அந்த அக்கா ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு காம்பு கொத்தமல்லியும் எடுத்துப் பைக்குள் போடுகிறார் பாருங்கள், அது கொசுறு. 'ஜெனரஸ்' என்ற சொல் உட்கார்ந்திருப்பது அந்தக் கொசுறில்தான்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கொடுக்க வேண்டிய கணக்கு முடிந்த பிறகு அதற்கு மேல் வருவது. இன்னொன்று, கொடுப்பவருக்கு மனசு வந்து வருவது. எவ்வளவு என்பது மூன்றாவது விஷயம்கூட இல்லை. கையில் இருக்கும் இரண்டு மிட்டாயில் ஒன்றைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுக்கும் குழந்தை ஜெனரஸ். ஊருக்கே பெரிய பணக்காரர் கல்யாணத்துக்கு வந்து, எல்லோரும் எழுதும் அதே மொய்யை எழுதிவிட்டுப் போனால் அவரை அப்படிச் சொல்ல மாட்டோம்.

இதை மனதில் ஏற்றிக்கொள்ளாததால் வரும் பிழை ஒன்று உண்டு. என்னிடம் படித்த ஒரு பெண், முதல் மாதச் சம்பளம் வந்ததும் 'தேங்க் யூ ஃபார் யுவர் ஜெனரஸ் சேலரி' என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பியிருந்தார். இலக்கணத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் மாதம் முழுக்க உழைத்து வாங்கிய சம்பளத்தை, யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததாக அந்த வாக்கியம் மாற்றிவிடுகிறது. தனக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டு இந்தச் சொல்லைப் போடக்கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன்.

அலுவலகத்தில் எது கணக்கு, எது கொசுறு என்று தெரிந்துகொள்வதும் இதற்காகத்தான். தகுதியுள்ள ஊழியருக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம் சொல்வது. சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு, அதுவும் உரிமை. இவற்றைக் கொடுப்பதால் ஒரு நிறுவனம் ஜெனரஸ் ஆகிவிடாது. ஆனால் 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் சேர்த்துத் தந்தால், அல்லது சட்டம் கேட்காதபோதே அப்பாவாகும் ஊழியருக்கும் சில வாரம் விடுப்பு தந்தால், அப்போது 'ஜெனரஸ் லீவ் பாலிசி' என்று தயங்காமல் சொல்லலாம்.

படி 2: வாயில் சரியாக வரட்டும்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். அழுத்தம் முதல் அசையில்: ஜெ-ன-ரஸ். எழுத்தைப் பார்த்து 'ஜெனரோஸ்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் வரும் 'ஓ, யூ, எஸ்' மூன்றும் சேர்ந்து 'அஸ்' என்றுதான் ஒலிக்கும். ஃபேமஸ், டேஞ்சரஸ், நெர்வஸ் எல்லாம் அதே முடிவு உள்ள சொற்கள். அவற்றைச் சரியாகச் சொல்லும் வாய்க்கு இதுவும் வரும். எழுத்துக்கூட்ட ஒரு வழி: 'ஜெனரல்' என்பதை எழுதுங்கள், கடைசியில் இருக்கும் 'ஏ, எல்' இரண்டையும் எடுத்துவிட்டு 'ஓ, யூ, எஸ்' போடுங்கள்.

பெயர்ச்சொல்லாக மாறும்போது அழுத்தம் இடம் மாறும்: ஜென-ரா-ஸிட்டி. கியூரியஸ், கியூரியாஸிட்டி ஆவதைப் போல. வினையடை 'ஜெனரஸ்லி'. ஒப்பிடும்போது 'மோர் ஜெனரஸ்', 'மோஸ்ட் ஜெனரஸ்' என்று வரும். இதை வினையாக்கி 'ஹீ ஜெனரஸ்ட் மீ' என்றெல்லாம் சொல்ல முடியாது.

படி 3: 'தாராளம்' வரும் இடத்திலெல்லாம் வைக்காதீர்கள்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் 'தாராளம்' மிகவும் உழைக்கும் சொல். ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மின்சார ரயிலில் ஒருவர், "இங்க உட்காரலாமாண்ணே?" என்று கேட்கிறார். "தாராளமா உட்காருங்க" என்கிறோம். இங்கே நாம் எதையும் கொடுக்கவில்லை. அந்த இருக்கை நம்முடையதே இல்லை. 'தயங்க வேண்டாம்' என்பதுதான் பொருள். அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'சிட் ஜெனரஸ்லி' என்றால் கேட்பவர் விழிப்பார். 'ஆஃப் கோர்ஸ்', 'ப்ளீஸ் டூ', 'ஷ்யூர்' இவற்றில் ஒன்று போதும். "சந்தேகம் இருந்தா தாராளமா கேளுங்க" என்பதற்கு 'ப்ளீஸ் ஃபீல் ஃப்ரீ டு ஆஸ்க்'.

அப்புறம், "கிண்டியிலேருந்து சிறுசேரிக்கு சாயங்காலம் கிளம்பினா தாராளமா ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்போம். இந்தத் தாராளம் 'குறைந்தபட்சம் அவ்வளவாவது' என்பதைச் சொல்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் 'ஈஸிலி' பொருந்தும். "இந்த அண்டாவுல தாராளமா நூறு பேருக்குச் சமைக்கலாம்" என்பதற்கும் அதே 'ஈஸிலி'தான்.

"டைம் தாராளமா இருக்கு, அவசரப்படாதீங்க" என்று சொல்லும்போது அது வேறு தாராளம். போதுமானதற்கு மேல் இருக்கிறது என்ற பொருள். 'ப்ளென்டி ஆஃப் டைம்' என்று சொல்லுங்கள்.

செய்தித்தாளில் இன்னொன்று வரும். 1991-இல் தொடங்கிய பொருளாதார மாற்றங்களைத் 'தாராளமயமாக்கல்' என்று எழுதுகிறோம். அங்கே தாராளம் என்பது கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது. ஆங்கிலத்தில் அது 'லிபரலைசேஷன்'. அரசாங்கம் மனசு வந்து அள்ளிக் கொடுத்தது என்ற பொருள் அதில் இல்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சுவது, "அவருக்குக் கை தாராளம்" என்கிறோமே, அந்தத் தாராளம். அதுதான் 'ஜெனரஸ்'.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாக்கியத்தில் தாராளத்தை எடுத்துவிட்டு 'மனசு வந்து' என்று போடுங்கள். 'மனசு வந்து ஐயாயிரம் கொடுத்தார்' என்று பொருள் நிற்கிறதா, அங்கே ஜெனரஸ் நிற்கும். 'மனசு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்' என்றால் நிற்காது. என் வகுப்பில் இலக்கண விதிகளைவிட இந்தச் சோதனைதான் நன்றாக வேலை செய்திருக்கிறது.

கையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு எச்சரிக்கை. 'கை தாராளம்' பாராட்டு, 'கை நீளம்' திருட்டுக் குற்றச்சாட்டு. தமிழைப் புதிதாகக் கற்கும் வடநாட்டு நண்பர் உங்கள் அணியில் இருந்தால் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

படி 4: பக்கத்தில் எந்தச் சின்னச் சொல் வருகிறது என்று பாருங்கள்

தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை இங்கே முன்னால் வரும் சின்னச் சொற்கள் செய்கின்றன. யாருக்கு என்றால் 'டு'. எதை என்றால் 'வித்'. இந்த இரண்டில் 'வித்' கையில் வந்துவிட்டால் சொல் முழுசாகத் திறந்துகொள்ளும். ஏனென்றால் கொடுக்கக்கூடியது பணம் மட்டும் இல்லை என்று அது காட்டுகிறது.

'ஷீ இஸ் ஜெனரஸ் வித் ஹெர் டைம்.' தன் நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் தருபவர். 'ஹீ இஸ் ஜெனரஸ் வித் ப்ரெய்ஸ்.' பாராட்ட வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்ளாதவர். 'ஜெனரஸ் வித் ஹிஸ் நாலெட்ஜ்' என்றால் தனக்குத் தெரிந்த வேலையை மறைக்காமல் சொல்லித் தருபவர். அலுவலகத்தில் மூத்தவர்களைப் பற்றி எழுத இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. பணம் கொடுத்தவர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். வேலை சொல்லிக் கொடுத்தவர்களுக்குத்தான் நன்றி எழுத மறந்துவிடுகிறோம்.

வகுப்பில் இதற்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு கரையோரத் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. படகு அவர்கள் பிழைப்பு. 'தே வேர் ஜெனரஸ் வித் தெயர் போட்ஸ்' என்று எழுதிப் பார்க்கும்போது மாணவர்களுக்கு அந்த 'வித்' பிடிபட்டுவிடுகிறது. அதே நாட்களில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டு மாடியைத் திறந்துவிட்டவர்களும், வீட்டில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டி அனுப்பியவர்களும் உண்டு. 'ஜெனரஸ் டு ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்று அவர்களைச் சொல்லலாம். யாருக்கு என்பதால் அங்கே 'டு'.

மூன்றாவது 'ஆஃப்'. ஒரு குறிப்பிட்ட செயலுக்கு நேருக்கு நேராக நன்றி சொல்ல இதுதான் வேண்டும்: 'இட் வாஸ் ஜெனரஸ் ஆஃப் யூ டு கம்.' நீங்கள் வந்தது உங்கள் பெரிய மனசு. இதில் 'ஜெனரஸ் ஃபார் யூ' என்று எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். நாம் 'உங்களுக்கு' என்று நினைத்து எழுதுகிறோம், ஆங்கிலம் 'உங்கள் குணம்' என்று நினைக்கிறது. அதனால்தான் 'ஆஃப்'.

மெயிலில் பயன்படும்படி சில வரிகள். ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்த நண்பருக்கு: 'இட் வாஸ் ஜெனரஸ் ஆஃப் யூ டு ஸ்வாப் ஷிஃப்ட்ஸ்.' சந்தேகம் தீர்த்து வைத்த மூத்தவருக்கு: 'தேங்க் யூ ஃபார் பீயிங் ஸோ ஜெனரஸ் வித் யுவர் டைம்.' உடம்பு சரியில்லாத ஊழியருக்காக எல்லோரும் பணம் சேர்த்தபோது குழுவுக்கு: 'தேங்க் யூ ஆல் ஃபார் யுவர் ஜெனராஸிட்டி.' இந்தக் கடைசி வரியில் தொகையைக் குறிப்பிட வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரோடு பட்டியல் போட்டுவிட்டு அடியில் இந்த வரியை எழுதினால், குறைவாகக் கொடுத்தவர் மனம் சுருங்கிப் போவார்.

படி 5: பொருள்களுக்கும் இது பொருந்தும்

மனிதர்களோடு நிற்காமல் இந்தச் சொல் பொருள்களுக்கும் போகும். வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். மெஸ்ஸில் கரண்டி நிறைய விழும் பொரியல் 'எ ஜெனரஸ் ஹெல்பிங்'. பள்ளிக்கரணையில் அறை தேடும்போது 'ஜெனரஸ் பால்கனி' என்று படித்தால் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். தரகர் எழுதியதாயிருந்தால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் வேலைக்கு ஆறு நாள் தந்தால் 'ஜெனரஸ் டெட்லைன்'. இரண்டு மார்க் விடைக்குப் பாதி எழுதியிருந்தும் ஒன்றரை போடும் ஆசிரியர் 'ஜெனரஸ் மார்க்கிங்' செய்கிறார். தையல்காரர் பின்னால் பிரித்து விடுவதற்காக உள்ளே துணியைக் கூடுதலாக மடித்துத் தைப்பாரே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லைப் போடுவார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. 'தட்ஸ் எ ஜெனரஸ் எஸ்டிமேட்' என்று கிளையன்ட் சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். நீங்கள் போட்ட மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதல் என்று நாசூக்காகச் சொல்கிறார். 'இதற்கு இத்தனை நாள் தேவையா?' என்ற கேள்வி அதற்குள் இருக்கலாம். அதேபோல மழையில் குழி விழுந்த பாதையைப் பார்த்து 'காலிங் இட் எ ரோட் இஸ் ஜெனரஸ்' என்பார்கள். அதை ரோடு என்று சொல்வதே பெரிய மனசு என்ற அர்த்தம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் பழகும்வரை நீங்கள் இப்படிச் சொல்ல வேண்டாம். ஒருவருடைய வேலையைப் பற்றி இந்த மாதிரி சொன்னால் அது குத்தலாக இறங்கும்.

பெண்களின் உடலமைப்பைச் சொல்லவும் சிலர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். அலுவலகத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 6: விட்டுக்கொடுப்பதற்கும் இதே சொல்

கொடுப்பது மட்டுமல்ல, விட்டுக்கொடுப்பதும் ஜெனரஸ்தான். கிரிக்கெட்டில் தோற்ற அணியின் கேப்டன் ஜெயித்தவனின் பந்துவீச்சை வாய் நிறையப் பாராட்டினால் 'ஜெனரஸ் இன் டிஃபீட்'. சக ஊழியர் சுருக்கமாக, கொஞ்சம் வெடுக்கென்று பதில் அனுப்பியிருக்கிறார். திமிர் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அவசரத்தில் அனுப்பியிருப்பார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் 'எ ஜெனரஸ் ரீடிங்'. நான்கு பேர் சேர்ந்து முடித்த வேலையில், 'முக்கால்வாசி அவங்கதான் செஞ்சாங்க' என்று மேலதிகாரி முன்னால் சொல்பவர் 'ஜெனரஸ் வித் க்ரெடிட்'. இந்த இடங்களில் தாராளம் என்ற தமிழ்ச் சொல் அவ்வளவாக ஒட்டாது. 'பெருந்தன்மை' என்பதுதான் சரி. பேச்சில் 'பெரிய மனசு'.

சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். லத்தீனில் 'ஜெனுஸ்' என்றால் குலம், பிறப்பு. அதிலிருந்து 'ஜெனெரோசுஸ்', உயர்குடியில் பிறந்தவர். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் அதுதான். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் விருந்துக்கு வந்து காத்திருக்கும் தீவின் பெரிய மனிதர்களை டெஸ்டிமோனா இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறாள். அவர்கள் ஏதோ கொடுத்தார்கள் என்பதற்காக அல்ல, மேல்குடியினர் என்பதற்காக. பிறகு மெல்ல மெல்ல, பெரிய குடும்பத்தில் பிறந்தவர் என்பது பெரிய மனம் உள்ளவர் என்றாகி, அதன்பின் கை திறந்து கொடுப்பவர் என்று வந்து நின்றது. நம் மொழியிலும் இதே வழித்தடம் தெரிகிறது. 'பெரிய மனுஷன்' என்பதை வசதிக்கும் சொல்கிறோம், குணத்துக்கும் சொல்கிறோம். 'பிரபு' என்பது தலைவனையும் செல்வந்தனையும் குறிக்கும் சொல். வாசலில் வந்து கேட்பவர் 'தர்மப் பிரபு' என்று அழைக்கும்போது அதற்குள் கொடையும் வந்துவிடுகிறது. பிறப்பைச் சொன்ன சொல் இன்று யாருக்கும் பொருந்தும் சொல்லாக மாறியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. தள்ளுவண்டிக்கார அக்காவை 'ஜெனரஸ்' என்று சொல்ல முடிவது அதனால்தான்.

படி 7: தமிழுக்குக் கொண்டுவரும்போது

மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், செய்தி என்று எழுத்து வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் படித்தால் நல்லது.

கொடுப்பதைப் பற்றித் தமிழ் மிக நுணுக்கமாக யோசித்திருக்கிறது. கேட்பதற்கே மூன்று சொல் வைத்திருக்கிறது தொல்காப்பியம்: ஈ, தா, கொடு. கேட்பவர் கொடுப்பவரைவிடத் தாழ்ந்தவரானால் 'ஈ' என்பார், சமமானவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். இன்று பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் 'ஈகை' என்ற சொல்லில் அதன் வாசனை இன்னும் இருக்கிறது. திருக்குறளின் ஈகை அதிகாரத்து முதல் குறள், வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று அளந்து கொடுக்கும் கடனைப் போன்றது என்கிறது. ஆகவே வேலை சொல்லிக் கொடுத்த சக ஊழியரின் ஜெனராஸிட்டியை 'ஈகை' என்று மொழிபெயர்த்தால், வாங்கியவர் வறியவராகிவிடுவார். அங்கே 'பெருந்தன்மை' அல்லது வெறுமனே 'நல்ல மனசு' என்று எழுதுங்கள்.

அறக்கட்டளை, பள்ளி, சத்திரம் என்று வரும்போது 'கொடை' சரியான சொல். சென்னையில் அதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. துபாஷியாக, அதாவது ஆங்கிலேயர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்து சம்பாதித்து 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தன் செல்வத்தை அறப்பணிகளுக்கு எழுதி வைத்தார். அவர் பெயரில் 1842-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பச்சையப்பன் கல்லூரி. அவரை ஆங்கிலத்தில் வெறும் 'ஜெனரஸ்' என்றால் குறைவாகப் படும், 'ஃபிலாந்த்ரபிஸ்ட்' என்பார்கள். தமிழில் வள்ளல். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வரிசையில் வைக்கும் சொல் அது. ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தவரை வள்ளல் என்று எழுதினால் கிண்டலாகிவிடும்.

படி 8: அக்கம்பக்கத்துச் சொற்கள்

'கைண்ட்' என்பதும் 'ஜெனரஸ்' என்பதும் ஒன்றல்ல. சென்ட்ரலில் இறங்கி வழி தெரியாமல் நிற்கும்போது பஸ் நம்பரைப் பொறுமையாகச் சொன்னவர் கைண்ட். தன் வேலையை விட்டுவிட்டு உங்கள் பெட்டியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தவர் ஜெனரஸ். தனக்குச் செலவாகும் ஏதோ ஒன்றை, காசோ நேரமோ உழைப்போ, அவர் கொடுத்திருக்கிறார்.

தலைகீழ்ச் சொற்களில் 'ஸ்டிஞ்சி' என்றால் கஞ்சம். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்கிறோமே, அவர். 'மீன்' என்ற சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது கஞ்சத்தனத்தைக் குறிக்கும், அமெரிக்கருக்குப் பெரும்பாலும் மனம் புண்படப் பேசுபவரைக் குறிக்கும். 'ஃப்ரூகல்' திட்டு அல்ல, சிக்கனம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்பதற்காக வெளியே சாப்பிடாமல் இருக்கும் அறைத் தோழரை ஸ்டிஞ்சி என்று சொல்லிவிடாதீர்கள். அவர் ஃப்ரூகல். மாதக் கடைசியில் கடன் வாங்கி எல்லோருக்கும் ட்ரீட் வைப்பவர் ஜெனரஸ் இல்லை, 'எக்ஸ்ட்ராவகன்ட்', ஊதாரி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவருக்குத்தான்.

படி 9: ஒரு வாரம் பழகுங்கள்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆங்கில நாளிதழ்களைப் படிக்கலாம். வார இறுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் அதற்கு அடுத்து வரும் சொல்லையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து சேர்ந்ததும் 'வித்', 'டு', 'ஆஃப்' தானாகப் பிரிந்து நிற்கும். அப்புறம் அந்த வாரத்தில் உங்களுக்குக் கணக்குக்கு மேல் ஏதாவது செய்தவர் ஒருவரை நினைத்துக்கொண்டு அவருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். கற்பனை வாக்கியம் வேண்டாம், உண்மையில் அனுப்பப் போகும் வரியாக இருக்கட்டும்.

சம்பளத்துக்கு நன்றி சொன்ன அந்தப் பெண், பிறகு இந்தப் பயிற்சியில் தன் டீமில் இருந்த ஒரு மூத்தவருக்கு எழுதினார். இரண்டு சனிக்கிழமை விடுமுறையில் வந்து உட்கார்ந்து இந்தப் பெண்ணுக்கு ரிப்போர்ட் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அந்த மூத்தவர். 'இட் வாஸ் ஜெனரஸ் ஆஃப் யூ டு கிவ் மீ டூ சாட்டர்டேஸ்.' அவ்வளவுதான் வரி. மறுநாள் பதில் வந்தது, 'தட்ஸ் ஜெனரஸ் ஆஃப் யூ டு ஸே.' இதை என்னிடம் காட்டி, "சார், அவங்க எதுக்கு என்னை ஜெனரஸ்னு சொல்றாங்க?" என்று கேட்டார். பாராட்டை ஏற்றுக்கொள்ளும் முறை அது. 'நீங்க இவ்வளவு பெரிசா சொல்றது உங்க பெரிய மனசு' என்று அர்த்தம். உங்களை யாராவது இந்தச் சொல்லால் பாராட்டினால் நீங்களும் இதே வரியைத் திருப்பிச் சொல்லலாம். 'நோ நோ' என்று மறுக்க வேண்டியதில்லை.